தெள்ளுப்பூச்சிக்கு மூணு மாசம்

கொஞ்சம் தள்ளியே உக்காருங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குத் தொத்து வியாதி ஒண்ணும் இல்ல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடின்னா உங்கள இந்த சீட்டுல உக்காரவே விட்டிருக்க மாட்டேன். இப்போ ஒண்ணும் இல்ல, சுத்தமாப் போயிடுச்சு. ஆனாலும் சொல்லிடணும் பாருங்க. நாளைக்கு உங்க வீட்டுல யாராவது காலச் சொறிஞ்சா, பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த அந்தக் கிழவன்தான்னு என்னைத் திட்டக் கூடாது.

கூடையா? காலிதான். உள்ள ஒரு துண்டு இருக்கு, அடியில விரிக்க. மூடி நானே கம்பி வச்சுக் கட்டினது. பூனை தூக்கப் போறேன் சார், தரங்கம்பாடிக்கு. சிரிக்காதீங்க. இதோட ஆறாவது தடவ. கண்டக்டருக்கே தெரியும். பாருங்க, எங்கன்னு அவரு என்னைக் கேக்கக்கூட இல்ல, டிக்கெட்டக் கிழிச்சுக் கையில கொடுத்துட்டுப் போயிட்டாரு.

நீங்க திருக்கடையூரா? மாமனாருக்கு அறுபதாம் கல்யாணமா? நல்லது, நல்லது, நடக்கட்டும். எனக்கும் போன வருஷம் அறுபது முடிஞ்சுது. பண்ணிக்கல. வீட்டுக்காரி கேட்டா. நான்தான், இந்த வயசுல மாலை போட்டுக்கிட்டு நின்னா ஊரு சிரிக்கும்னு சொல்லிட்டேன். அவளும் அதோட விட்டுட்டா. எதையும் ரெண்டாந்தரம் கேக்க மாட்டா அவ. நல்ல குணம்.

என் பேரு கலியமூர்த்தி. மாயவரத்துல மருந்துக் கலியமூர்த்தின்னு கேட்டா வீட்டைக் காட்டுவாங்க. நகராட்சியில கொசு மருந்து அடிக்கிற ஆளாச் சேர்ந்து மேஸ்திரியா ரிட்டயர் ஆனவன். முப்பத்தோரு வருஷம். முதுகுல பம்ப மாட்டிக்கிட்டு நான் தெருவுல நுழைஞ்சேன்னா பொம்பளைங்க குடத்த மூடிட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிக் கதவச் சாத்திக்குவாங்க. அவ்வளவு மரியாதை.

அப்பேர்ப்பட்டவன் வீட்டுல தெள்ளுப்பூச்சி சார்.

தெள்ளுப்பூச்சி பாத்திருக்கீங்களா? உண்ணி இல்ல. உண்ணி பாவம், ஒட்டிக்கிட்டு ஒரு எடத்துல கெடக்கும், புடுங்கிப் போடலாம். இது எள்ளுல பாதிதான் இருக்கும். கையில அகப்படாது. அகப்பட்டாலும் நசுங்காது. ரெண்டு நகத்துக்கு நடுவுல வச்சு அழுத்தினா டக்குனு ஒரு சத்தம் கேக்கணும், அப்பத்தான் செத்துதுன்னு அர்த்தம். சத்தம் கேக்கலன்னா நீங்க நகத்த எடுத்ததும் அது குதிச்சுப் போயிடும்.

ஐப்பசி அடைமழை நேரம். என் வீட்டுக்காரி பேரு தையல்நாயகி. நான் தையலுன்னுதான் கூப்பிடறது. அவ கணுக்காலச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தா. செவப்பா, வரிசையா, மூணு மூணு தடிப்பு. கொசுக்கடின்னு சொன்னேன். "கொசுக்கடி எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா கொசுக்காரர் வீட்டுலதானே இருக்கேன்"ன்னா. வாய் அப்பப்போ அப்படி நீளும் அவளுக்கு. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், மடியில கருப்பா ஒரு புள்ளி. தட்டப் போனா இல்ல. பாத்தா முழங்காலுக்கிட்ட ரெண்டு.

எல்லாம் அந்தப் பூனையால வந்தது. ஆறு வருஷமா வீட்டுல இருக்கு. நான் கொண்டாரல. குட்டியா மழையில நனைஞ்சுக்கிட்டுக் கொல்லையில கத்திக்கிட்டுக் கெடந்துது, இவ முந்தானையில தொடைச்சு உள்ள கொண்டாந்தா. பட்டாணின்னு பேரு வச்சா. ஏன் பட்டாணின்னு நான் கேக்கல. எனக்குப் பூனை நாயெல்லாம் ஆகாது சார், இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன். அதுவும் என்கிட்ட வராது. ஒருத்தர ஒருத்தர் தொந்தரவு பண்ணிக்கிட்டதில்ல.

தையலு அதத் துண்டுல சுத்திக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. அங்க ஒரு டாக்டரம்மா. எடை போட்டுப் பாத்து, பூனைக்குன்னே இருக்கற சொட்டு மருந்தப் பிடரியில, அதோட நாக்கு எட்டாத எடத்துல விட்டாங்களாம். நாய்க்குப் போடறதப் பூனைக்குப் போட்டா உசுருக்கே ஆபத்துன்னாங்களாம். கற்பூரம், மண்ணெண்ணெய், அந்துருண்டை எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க, பூனை உடம்ப நக்கிக்கிட்டே இருக்கும், மேல தடவறதெல்லாம் வயித்துக்குள்ள போயிடும்னாங்களாம். மாசத்துக்கு ஒரு தரம் கொண்டாங்க. வீட்டை தினம் மூலை முடுக்கு விடாம கூட்டுங்க, குப்பையப் பையில கட்டி அப்பவே வெளிய போட்டுடுங்க. படுக்கற துணியெல்லாம் வெந்நீர்ல அலசி வெயில்ல போடுங்க. மூணு மாசம் விடாம செஞ்சா போயிடும்னாங்களாம்.

மூணு மாசம்! முட்டை இருக்குமாம், புழு இருக்குமாம், அப்புறம் கூடு கட்டிக்கிட்டு உள்ளயே தூங்குமாம், அந்தக் கூட்டுக்குள்ள எந்த மருந்தும் போகாதாம். இவ பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி ஒப்பிக்கிறா. "ஏண்டி, மூணு தெருவ ஒரு காலையில முடிக்கறவன் நான், என் வீட்டுக்கு மூணு மாசமா?"ன்னு கேட்டேன். அவ வெளக்கமாத்த எடுத்துக்கிட்டுக் கூட்டப் போயிட்டா.

மூணு வாரம் பண்ணினா சார். கொறையல. நல்லாக் கேட்டுக்குங்க, கொறையல. சொல்லப்போனா கூடுச்சு. அதுக்கும் டாக்டரம்மா ஒரு காரணம் வச்சிருந்தாங்க, கூட்டுலேருந்து வெளிய வர்ற நேரம், பொறுமையா இருங்கன்னு. அதுக்குள்ள தெருவுல தெரிஞ்சு போச்சு. எதுத்த வீட்டு வாத்தியார் கேக்குறாரு, "என்ன மேஸ்திரி, உங்க வீட்டுக்கே மருந்து இல்லையா?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. பூச்சிக்கடியத் தாங்கிக்கலாம், இதத் தாங்க முடியுமா?

என்கூட வேலை பாத்தவரு ஒருத்தரு இப்போ வயல் பாக்குறாரு. அவருகிட்ட பம்பு வாங்கினேன். நெல்லுக்கு அடிக்கிற மருந்து அரை டப்பா மிச்சம் இருந்துது. லேபிள் கிழிஞ்சு போயிருந்துது. ஆனா மோந்து பாத்தாலே தெரியும் சார், நல்ல வீரியமான சரக்கு. அளவெல்லாம் எனக்கு ஒருத்தன் சொல்ல வேண்டியதில்ல. வயலுக்கு ஒரு மூடின்னா வீட்டுக்கு மூணு மூடி ஊத்தினேன், ஒரே அடியா ஒழியட்டும்னு. தையலு ரேஷன் கடைக்குப் போயிருந்தா. கட்டில், மெத்தை, அலமாரிக்கு அடியில, அரிசி டின் வச்ச மூலை, ஒண்ணு விடல. ஜன்னலு கதவெல்லாம் இறுக்கிச் சாத்தினேன், மருந்து உள்ளயே நிக்கணுமில்ல? அப்புறம் வெளிய நாற்காலியப் போட்டுக்கிட்டு பேப்பர் படிச்சேன்.

அவ வந்தா. உள்ள போகாதன்னு சொன்னேன் சார். சொன்னேன்னுதான் நெனைக்கிறேன். பேப்பர்ல ஏதோ படிச்சுக்கிட்டிருந்தேன். அவளுக்கு மருந்து வாசனை வந்துடுச்சு. பூனை உள்ள மாட்டிக்கிச்சோன்னு பயந்து, "பட்டாணி, பட்டாணி"ன்னுக்கிட்டு அரிசிப் பையக் கீழ போட்டுட்டு உள்ள ஓடினா. அது எப்பவோ கொல்லை மதில் மேல ஏறி உக்காந்துடுச்சு. அதுக்குத் தெரிஞ்சது இவளுக்குத் தெரியல பாருங்க. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடியிருக்கா. வெளிய வர்றப்போ வாயெல்லாம் எச்சி ஒழுகுது, கண்ணுல தண்ணி கொட்டுது, மூச்சு இழுக்குது. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரி. ஆறு நாள் சார். அவளுக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு, மழைக்காலம் வேற. அங்க இருந்த டாக்டரு, "என்ன மருந்து, டப்பாவக் கொண்டாய்யா"ன்னு கத்தறாரு. டப்பாவக் கொண்டு போனா லேபிள் இல்ல.  வராண்டாவுல நின்னு அழுதேன். அத அவ பாக்கல.

நாலாம் நாளு, இனிமே பயமில்லன்னு சொல்லிட்டாங்க. மாத்துப் பொடவை எடுக்க வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில அந்தப் பூனை உக்காந்திருக்கு. காதுக்குப் பின்னால சொறிஞ்சுக்கிட்டு. அவ அங்க மூக்குல குழாயோட கெடக்கறா, இது இங்க சாவகாசமா சொறியுது. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்.

பூனைய அடிக்கக் கூடாது, கொல்லக் கூடாது, பெரிய பாவம். அதனால எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாக்குல போட்டு, சாக்க மூணு சுத்து சுத்தி, மீன் ஏலம் விடற எடத்துல விட்டுட்டு வந்துடுவாங்க. சுத்தினா அதுக்குத் திசை மறந்துடும். மீனு இருக்கறதால பட்டினி கெடக்காது. நமக்குப் பாவமும் இல்ல, தொல்லையும் இல்ல. எல்லாரும் செய்யறதுதான் சார். உள்ளூர்ல விட்டா நூல் புடிச்ச மாதிரி திரும்பி வந்துடும்னு, நான் வண்டியில வச்சுத் தரங்கம்பாடி வரைக்கும் கொண்டு போனேன். வழியெல்லாம் கத்துச்சு. செம்பனார்கோயில் தாண்டினப்புறம் கத்தல.

ஏலக் கொட்டகைக்குப் பின்னால மூணு சுத்து சுத்தி அவுத்து விட்டேன். தலை சுத்தி, காலு நாலும் நாலு பக்கம் போகுது அதுக்கு. மத்தி வாங்கி முன்னால போட்டேன். சும்மா விட்டுட்டு வரல சார், மீன் வாங்கிப் போட்டுட்டுத்தான் வந்தேன். அது திங்கல. என்னையே பாத்துச்சு. ஆறு வருஷத்துல அது என் மூஞ்சிய நேரா பாத்தது அன்னிக்குத்தான்.

ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் தையலு மொதல்ல கேட்டது அதத்தான். "மருந்து நாத்தத்துல ஓடிப் போச்சு"ன்னேன். அது முழுப் பொய்னு சொல்ல முடியாது. மருந்தாலதானே போச்சு? அவ மொதல்ல டின்னுல இருந்த அரிசிய அப்படியே குழி தோண்டிக் கொட்டினா, மெத்தையத் தூக்கிப் போட்டா, பாத்திரத்தையெல்லாம் மூணு தரம் கழுவினா. அப்புறம் தட்டுல பால்சோறு போட்டுக் கொல்லையில வச்சா. மத்தியானத்துல தெருத்தெருவா போய்க் கூப்பிடுவா. நாலு வீடு போவா, மின் கம்பத்தப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குவா, மறுபடி கூப்பிடுவா. "பூனைதானேடி, இது இல்லன்னா இன்னொண்ணு வரும்"னு ஆறுதலாத்தான் சொன்னேன். அவ அடுத்த தெருவுக்குக் கூப்பிடப் போயிட்டா.

பூச்சியா? அதக் கேக்காதீங்க. பத்தே நாளு. செத்ததெல்லாம் செத்துது, கூட்டுல தூங்கினதெல்லாம் எழுந்து வந்துடுச்சு. முன்னாடியாவது பூனை மேல ஏறும். இப்போ பூனை இல்ல, எங்க ரெண்டு பேரையும்தான் தின்னுச்சு. தையலுக்குக் காலெல்லாம் புண்ணு. மார்கழி பொறந்த அன்னிக்கு ரெண்டு பொடவைய ஒரு பையில வச்சுக்கிட்டா. மாயவரத்துக்கு மேக்கால இருக்கற குத்தாலத்துல அவ அக்கா வீடு. "பட்டாணி வந்தா சொல்லி அனுப்புங்க, வரேன்"ன்னா. அவ்வளவுதான். சண்டை இல்ல, சத்தம் இல்ல. பூச்சிக்கடி தாங்காமப் போனா, வேற ஒண்ணும் இல்ல. நானேதான் பஸ் ஏத்தி விட்டேன்.

அவள ஏத்தி விட்ட கையோட நேரா கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன், அந்த டாக்டரம்மாவ நாலு கேள்வி கேக்கணும்னு. அவங்க ஒரு கன்னுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டாங்க. கேட்டுட்டு, "பூனை எங்க?"ன்னாங்க. போயிடுச்சுன்னேன்.

"பூனைதாங்க உங்க மருந்தே"ன்னாங்க. "பிடரியில மருந்தோட அது வீடு பூரா சுத்தி வரும். கூட்டுலேருந்து வர்ற பூச்சியெல்லாம் அது மேல ஏறும், ஏறினதெல்லாம் சாகும். அது பாட்டுக்கு உங்களுக்காக வேலை செஞ்சுக்கிட்டிருந்தது. மாசாமாசம் மருந்து விட்டுக்கிட்டு இருந்திருந்தா முக்காவாசி முடிஞ்சிருக்கும்."

நாலு கேள்வியும் மறந்து போச்சு எனக்கு. இப்போ என்ன செய்யறதும்மான்னேன். "கூட்டுங்க, அலசுங்க, வெயில்ல போடுங்க, அதேதான். வீட்டைப் பூட்டிட்டு எங்கயும் போயிடாதீங்க. ஆள் நடமாட்டம் இல்லன்னா அது மாசக்கணக்காக் கூட்டுலயே கெடக்கும். வீட்டுக்குள்ள நடங்க. அதிர்வு தெரிஞ்சாத்தான் வெளிய வரும். வந்தாத்தான் ஒழிக்க முடியும்"னாங்க.

அதனால நடந்தேன் சார். திருப்பூர்ல கட்டிக் கொடுத்த மககிட்ட சொல்லி, முட்டி வரைக்கும் வர்ற வெள்ளை சாக்ஸ் அஞ்சு ஜோடி அனுப்பச் சொன்னேன். "எதுக்குப்பா, யோகாவா?"ன்னா. ஆமான்னேன். தினம் காலையில அதப் போட்டுக்கிட்டுக் கூடத்துலேருந்து அடுப்படி, அடுப்படியிலேருந்து கொல்லைக் கதவு, திரும்பி அவ படுக்கற ரூம்பு. அரை மணி நேரம் நடப்பேன். வெள்ளையில கருப்பு பளிச்சுனு தெரியுமில்ல? அப்படியே சாக்ஸக் கழட்டி சோப்புத் தண்ணியில முக்கிடுவேன். மொத நாளு நாப்பத்தொண்ணு. அப்புறம் வெளக்கமாறு. அப்புறம் வெந்நீர் போட்டுத் துணி அலசறது. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல வீட்டுல நான் வெளக்கமாத்தத் தொட்டதில்ல. குனிஞ்சு கூட்டினா இடுப்பு எப்படி வலிக்குது தெரியுமா? அவ ஒரு நாளும் சொன்னதில்ல. தனியா எவ்வளவு நேரம்தான் நடக்கறது, நடந்துக்கிட்டே பேசுவேன். "இன்னிக்கு இருபத்திரெண்டுதான் பாரு"ம்பேன். யாருகிட்டன்னு கேக்காதீங்க.

நடுநடுவுல தரங்கம்பாடி. பூனை கெடச்சா வேலை சீக்கிரம் முடியுமேன்னுதான்.

மொத தடவ போய்ப் பாத்தா, சார், நாப்பது அம்பது பூனை. எல்லாம் என்னை மாதிரி மகராசனுங்க சாக்குல கொண்டாந்து விட்டதுதான். வலை மேல, ஐஸ் பெட்டி மேல, படகுக்கு அடியில. செவலையும் வெள்ளையுமா மட்டும் பதினஞ்சு இருக்கும். பவுனம்மான்னு ஒரு மீன்காரம்மா, "என்ன அடையாளம்யா?"ன்னுச்சு. செவலை, வெள்ளைன்னேன். "வாலு எப்படி?" தெரியல. "கடுவனா, பொட்டையா?" முழிச்சேன். "ஆறு வருஷமா வச்சிருந்தேங்கற, குட்டி கிட்டி போட்டுச்சா?" தெரியலம்மான்னேன். "ஏன்யா, அந்த வீட்டுல பூனை இருந்துது சரி, நீ இருந்தியா?"ன்னுட்டு மீன வெட்ட ஆரம்பிச்சிடுச்சு. சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிக்கறாங்க.

"பேரச் சொல்லிக் கூப்பிடு, உன்னுதுன்னா வரும்"னுச்சு. அந்தப் பேர நான் வீட்டுல ஒரு நாளும் சொன்னதில்ல சார்.  அத்தன பேருக்கு நடுவுல, கையில ஒரு மத்திய வச்சுக்கிட்டு, "பட்டாணி"ன்னேன். பதினோரு பூனை வந்துச்சு.

ரெண்டாவது தடவ ஒண்ணத் தூக்கிட்டேன். சாதுவா இருந்துது, எனக்கு இதேதான்னு தோணுச்சு. வீட்டுக்குக்கூடப் போகல, நேரா குத்தாலம். தையலு மொறத்துல உளுந்து பொடைச்சுக்கிட்டிருந்தா. எளைச்சுப் போயிருந்தா. கூடைய அவ முன்னால வச்சேன். மூடியத் தொறந்தா சார். உள்ள பாத்தா. 

"இது கடுவன்ங்க"ன்னா. "பட்டாணி பொட்டை. எடது காது மடிஞ்சிருக்கும். வாலு நுனி வெள்ளை." சொல்லிட்டு, "இது எங்க கெடச்சுது?"ன்னா.

தரங்கம்பாடியிலன்னேன். வாயில வந்துடுச்சு. சொன்னப்புறம்தான் உறைச்சுது எனக்கு. மாயவரத்துல ஓடிப் போன பூனையத் தரங்கம்பாடியில போய் ஏன் தேடறீங்கன்னு கேட்டா என்ன சொல்றது? நல்ல வேளை, அவ கேக்கல.  மொறத்த எடுத்துக்கிட்டு எழுந்து உள்ள போனா. உள்ளேருந்தே, "பாவம், அத எடுத்த எடத்துலயே விட்டுடுங்க"ன்னா. அவ வெகுளி சார். கண்டுபுடிக்கல.

அந்தப் பூனையத் திருப்பிக் கொண்டு போய் விடறப்போ அது கூடையவிட்டு எறங்க மாட்டேன்னுச்சு. கவுத்துத்தான் விட வேண்டியிருந்தது.

அதுக்கப்புறம் நான் போன் போட்டா அவ அக்காதான் எடுக்கறாங்க. குளிக்கறா, தூங்கறா, கோயிலுக்குப் போயிருக்கான்னு. குத்தாலத்துல கோயிலுக்கா பஞ்சம்? பொங்கலுக்கும் வரல. பனி ஆகாதுன்னு இருந்திருப்பா. நான் மட்டும் பொங்கல் வச்சேன், அடி புடிச்சிடுச்சு. மூணாவது தடவ, நாலாவது தடவயெல்லாம் நான் தெளிவாத்தான் போனேன். எடது காது, வாலு நுனி. ஒவ்வொண்ணா புடிச்சுப் பாத்தேன், கையெல்லாம் கீறல். ஒண்ணும் அது இல்ல. சின்ன எடமா அது? எங்க போய்ப் பதுங்கிக் கெடந்துச்சோ.

தை மாசம் பாதியிலேருந்து சாக்ஸ்ல ஏறறது நின்னு போச்சு சார். ஒரு வாரம் பாத்தேன், ரெண்டு வாரம் பாத்தேன். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வீடு பூரா நின்னு பாத்தேன். ஒண்ணு இல்ல. டாக்டரம்மாகிட்ட ஓடினேன், "பரவாயில்லையே, நல்லா செஞ்சிருக்கீங்க"ன்னாங்க. குத்தாலத்துக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்தாங்க. "பூச்சி சுத்தமாப் போயிடுச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க"ன்னேன். சொல்றேன்னாங்க. கொஞ்ச நேரம் போனக் காதுலயே வச்சிருந்தேன். பின்னால யாரோ இருமறது கேட்டுச்சு.

என்ன? பூச்சிதான் போயிடுச்சே, அப்புறம் பூனை எதுக்குன்னா கேக்குறீங்க?

இல்ல, எங்கயாவது ஒண்ணு ரெண்டு கூடு இருந்துச்சுன்னா? திரும்பி வந்துட்டா? ஒரு முன்னெச்சரிக்கைதான்.

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? நீங்க எறங்கிப் போயிடுவீங்க.

போன வாரம் அஞ்சாவது தடவ போனேன். என்னைப் பாத்ததும் பவுனம்மா, "இனிமே வராதய்யா, உன் பூனை போயிடுச்சு"ன்னுச்சு. செத்துப் போச்சோன்னு நெனைச்சேன். இல்லையாம். ஒரு அம்மா வந்துதாம். ஒல்லியா, மூச்சு வாங்கிக்கிட்டு. காலையில மொத பஸ்ஸுல வந்து ஏலக் கொட்டகைப் படியில உக்காந்துச்சாம். கையில மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல. சத்தமாக்கூடக் கூப்பிடலையாம். மடியத் தட்டித் தட்டி, பட்டாணி, பட்டாணின்னு மெதுவா. யாரோ பைத்தியம்னு நெனைச்சாங்களாம். ரொம்ப நேரம் கழிச்சு, ஐஸ் பெட்டிக்குப் பின்னாலேருந்து ஒண்ணு எலும்பும் தோலுமா வந்து, அந்தம்மா மடியில ஏறிப் படுத்துக்கிச்சாம். எடது காது மடிஞ்சதுன்னுச்சு பவுனம்மா. நான் கேக்காமலே சொல்லுச்சு. அந்தம்மா அத முந்தானையில சுத்திக்கிட்டு, அழுதுக்கிட்டே பஸ்ல ஏறிப் போயிடுச்சாம்.

யாரோ போலருக்குன்னேன் நான். 

யாரோவாத்தான் இருக்கும், இல்ல சார்? பட்டாணின்னு ஊருல இன்னொருத்தர் பேரு வைக்கக் கூடாதா? காது மடிஞ்ச பூனை ஒண்ணே ஒண்ணுதானா? நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். தரங்கம்பாடியிலேருந்து குத்தாலம் போகணும்னா மாயவரம் வந்துதான் பஸ் மாறணும். பஸ் ஸ்டாண்டுலேருந்து எங்க வீடு அஞ்சு நிமிஷம். அவளுக்கு மூச்சு வாங்கும், பத்து நிமிஷம்னே வச்சுக்குங்க. அந்தப் பூனைய மடியில வச்சுக்கிட்டு அவ அந்த பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தா, வீட்டுக்கு வராமலா போவா? பட்டாணி வந்தா வரேன்னு அவதானே சொன்னா? அவ சொன்னா செய்யறவ சார். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு வார்த்தை மாறினதில்ல.

குத்தாலம் போய் நேராவே கேட்டுடலாமா? எனக்குத் தோணாமலா இருக்கும்? இன்னிக்குக் காலையில குத்தாலம் பஸ்லதான் மொதல்ல ஏறி உக்காந்தேன். டிரைவர் வந்து உக்காந்தாரு, வண்டிய ஸ்டார்ட் பண்ணாரு. நான் எறங்கிட்டேன். போய் நின்னு, அங்க அவ பக்கத்துல அது படுத்திருந்துச்சுன்னா நான் என்ன சார் செய்வேன்? பூச்சியும் இல்ல, பூனையும் கெடச்சாச்சு. அப்புறம் அவ ஏன் வரலன்னு நான் என்ன சொல்லிக்கறது?

அதான் இன்னிக்கும் தரங்கம்பாடி பஸ்ல ஏறிட்டேன்.